கைபேசி முனையம்

கைபேசி முனையம் என்பது கைபேசியில் கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்க உதவும் செயலி. கணினித் துறையினர் பேச்சில் இதை ‘டெர்மினல்’ என்றே சொல்வார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எங்கோ இருக்கும் சர்வருக்குள் நுழைய வாசலாக இருப்பது. மற்றொன்று, கைபேசிக்குள்ளேயே லினக்ஸ் கருவிகளை ஓடவிடும் பட்டறையாக இருப்பது. முதல் வகை 1990-களில் தோன்றியது. இரண்டாம் வகை 2015-க்குப் பின் வலுப்பெற்றது. சர்வர் நிர்வாகிகளும் நிரலாளர்களும் மேசைக் கணினியை விட்டு விலகியிருக்கும் நேரத்துக்கென்றே இரண்டும் உருவாயின.

விசைகள் போதாத பலகை, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு, அனுமதி தரத் தயங்கும் இயங்குதளம் ஆகிய மூன்று தடைகளை ஒவ்வொன்றாகக் கடந்ததே இச்செயலிகளின் வரலாறு.

முன்வரலாறு

முனையம் என்ற சொல் முதலில் ஒரு கருவியைக் குறித்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-இல் வெளியிட்ட விடி100, திரையும் விசைப்பலகையும் கொண்ட பெட்டி. திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். கணக்கீடெல்லாம் கம்பியின் மறுமுனையில் இருந்த பெரிய கணினியில் நடந்தது. விடி100 பின்பற்றிய கட்டுப்பாட்டுக் குறிகளைத்தான் இன்றைய கைபேசிச் செயலிகளும் அடிப்படையாகக் கொள்கின்றன.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய நெடுங்காலம் பயன்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் ஒட்டுக் கேட்கப்பட்டன. அதற்கு விடையாக, அங்கிருந்த டாட்டு யுலேனன் அதே ஆண்டில், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் நெறிமுறையை எழுதினார். சேவைகளுக்கான போர்ட் எண்களில் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்தவற்றுக்கு நடுவே காலியாக இருந்த 22 இதற்குக் கிடைத்தது. 1999 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 2.6 இயங்குதளத்துடன் அதன் திறமூல வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் வெளிவந்தது. யார் கையிலும் இருக்கும் கருவி, யார் வேண்டுமானாலும் நடத்தும் வலை என்ற நிலையில் மறைகுறியாக்கம் இல்லாமல் கைபேசி முனையத்தை நினைத்தே பார்க்க முடியாது.

தொடக்கக் காலம்

1996-இல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர், மூடினால் கைபேசி, திறந்தால் சிறு கணினி. எடை 397 கிராம். உள்ளே இன்டெல் 386 செயலகம். திறந்தால் முழு எழுத்துப் பலகை. அதிலேயே டெல்நெட் செயலி இருந்தது. கைபேசி அல்லாத பாம்பைலட் கைக்கணினிக்கு இயன் கோல்ட்பர்க் ‘டாப் கன் எஸ்எஸ்ஹெச்’ என்ற செயலியை எழுதினார். 160க்கு 160 புள்ளிகள் மட்டுமே கொண்ட திரையில் அது இயங்கியது.

சைமன் டாதம் விண்டோஸுக்காக எழுதிய புட்டி என்னும் எஸ்எஸ்ஹெச் செயலியைப் பெட்டெரி காங்காஸ்லம்பி சிம்பியன் கைபேசிகளுக்குக் கொண்டுவந்தார். ஜாவா இயங்கும் எளிய கைபேசிகளுக்கு மிட்ப்எஸ்எஸ்ஹெச் இருந்தது. எண் விசையையே பலமுறை அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகக் கட்டளை எழுத வேண்டிய காலம் அது. ஆனாலும் நள்ளிரவில் நின்றுபோன சர்வரை அலுவலகம் வரை ஓடாமல் எழுப்பிவிட முடிந்தது.

ஆண்ட்ராய்டும் விசைச் சிக்கலும்

2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டி-மொபைல் ஜி1, முதல் ஆண்ட்ராய்டு கைபேசி. கென்னி ரூட், ஜெஃப்ரி ஷார்க்கி இருவரும் உருவாக்கிய திறமூலச் செயலியான கனெக்ட்பாட், ஆண்ட்ராய்டின் தொடக்க நாட்களிலேயே எஸ்எஸ்ஹெச்சைக் கொண்டுவந்தது. ஜி1-இல் நழுவித் திறக்கும் விசைப்பலகை இருந்தது. கன்ட்ரோல் விசை இல்லை. கட்டளை வரியில் அந்த விசை இல்லாவிட்டால் ஓடும் நிரலை நிறுத்தும் கன்ட்ரோல்-சி கூட இல்லை. கனெக்ட்பாட் அக்கைபேசியின் உருளைப் பந்தைக் கன்ட்ரோலாக மாற்றியது: ஒருமுறை அழுத்தினால் கன்ட்ரோல், இருமுறை அழுத்தினால் எஸ்கேப்.

விசைப்பலகையே இல்லாத கைபேசிகள் பெருகியபோது சிக்கல் இன்னும் கூடியது. கிளாஸ் வைட்னர் உருவாக்கிய ‘ஹேக்கர்ஸ் கீபோர்டு’ டேப், எஸ்கேப், கன்ட்ரோல், அம்பு விசைகள் எல்லாவற்றையும் தொடுதிரையில் வரிசையாக வைத்தது. பின்னாளில் டெர்மக்ஸ் செயலி ஒலியளவுப் பொத்தான்களையே பயன்படுத்திக்கொண்டது. ஒலி குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சி தட்டினால் கன்ட்ரோல்-சி. ஒலி கூட்டும் பொத்தானோடு இ தட்டினால் எஸ்கேப், டி தட்டினால் டேப். இன்று பல செயலிகள் இந்த விசைகளைத் திரையின் அடியில் தனி வரிசையாகத் தருகின்றன.

அறாத இணைப்பு: மோஷ்

எஸ்எஸ்ஹெச் டிசிபி இணைப்பின் மேல் நிற்கிறது. இருமுனைகளின் முகவரியும் மாறாமல் இருந்தால்தான் அந்த இணைப்பு நிலைக்கும். வீட்டு வைஃபையில் தொடங்கிய வேலை, தெருவில் இறங்கிக் கைபேசி வலைக்கு மாறியதும் அறுந்துவிடும். ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் திரை உறைந்து நிற்கும்.

இதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கீத் வின்ஸ்டைன், ஹரி பாலகிருஷ்ணன் இருவரும் 2012-இல் தீர்வு தந்தார்கள். மோஷ் என்பது அதன் பெயர். நுழைவுக்கு மட்டும் எஸ்எஸ்ஹெச்சைப் பயன்படுத்தும் மோஷ், அதன் பிறகு நிலையான இணைப்பு தேவைப்படாத யுடிபிக்கு மாறிவிடுகிறது. கைபேசியின் முகவரி மாறினால் சர்வர் பதறுவதில்லை. சரியான மறைகுறியோடு புதிய பொதி எங்கிருந்து வந்ததோ அந்த முகவரிக்கே பதில் அனுப்புகிறது. கைபேசியைத் தூங்கவைத்து மறுநாள் எழுப்பினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மோஷின் மற்றொரு நுட்பம் முன்னூகம். எழுத்தைத் தட்டியதும் சர்வர் பதில் சொல்லும் வரை காத்திராமல் கைபேசியே அதைத் திரையில் காட்டிவிடும். வலை மிக மெதுவாக இருந்தால், உறுதியாகாத எழுத்துகளின் கீழே கோடு தெரியும்; பதில் வந்ததும் கோடு மறையும். ஊகம் தவறினால் எழுத்து தானே திருந்திவிடும். ஆய்வாளர்களின் சோதனையில் 70% விசைத்தட்டல்களின் விளைவு உடனுக்குடன் திரையில் தெரிந்தது. 3ஜி வலையில் எஸ்எஸ்ஹெச்சுக்கு 503 மில்லிநொடியாக இருந்த இடைநிலைத் தாமதம், மோஷில் 5 மில்லிநொடிக்கும் கீழே வந்தது.

அப்போது கண்ணுக்குத் தெரியும் திரையை மட்டுமே மோஷ் ஒத்திசைக்கும். மேலே நகர்ந்துபோன வரிகள் கைக்கு வரா. அதனால் அதை, சர்வரில் இயங்கிப் பழைய வரிகளைக் காத்துவைக்கும் டிமக்ஸ் என்ற நிரலோடு சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கமாயிற்று. ஆண்ட்ராய்டில் ஜூஸ்எஸ்எஸ்ஹெச், ஐபோனில் பிளிங்க் ஷெல் ஆகியவை மோஷைத் தம்முள் சேர்த்துக்கொண்டன.

வாசலிலிருந்து பட்டறைக்கு: டெர்மக்ஸ்

ஆண்ட்ராய்டு லினக்ஸ் கருநிரலின் மேல் நிற்பது. ஜாக் பாலெவிச் எழுதிய ‘ஆண்ட்ராய்டு டெர்மினல் எமுலேட்டர்’ அந்த அடித்தளத்தை எட்டிப் பார்க்க வழி செய்தது. ஆனால் அங்கே கிடைத்த கட்டளைகள் சொற்பம். 2015-இல் ஃபிரெட்ரிக் ஃபோர்ன்வால் வெளியிட்ட டெர்மக்ஸ், பாலெவிச்சின் நிரலை முனையத்துக்கு எடுத்துக்கொண்டு, டெபியனில் உள்ளதைப் போன்ற தொகுப்பு மேலாண்மையைச் சேர்த்தது. கைபேசியை ரூட் செய்யாமலே பைதான், கிட், விம், கிளாங் எல்லாம் ஒற்றைக் கட்டளையில் நிறுவிக்கொள்ள முடிந்தது. துணைச் செயலியின் வழியே மின்கல அளவு, இருப்பிடம், கேமரா ஆகியவற்றையும் கட்டளையால் கேட்டுப் பெறலாம். மடிக்கணினி வாங்க இயலாத ஒரு மாணவர் கையிலுள்ள கைபேசியிலேயே நிரல் எழுதி, தொகுத்து, ஓட்டிப் பார்க்க முடிகிறது. டெர்மக்ஸின் மிகப் பெரிய கொடை அதுவே.

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, புதிய விதிகளுக்கு உட்பட்ட செயலிகள் தாம் எழுதக்கூடிய இடத்திலிருந்து நிரல்களை இயக்கக் கூடாது என்றது. தீங்கு நிரல்களைத் தடுக்கும் நோக்கம் அதில் இருந்தாலும், பதிவிறக்கிய கருவிகளை ஓட்டுவதே டெர்மக்ஸின் உயிர்நாடி. 2020-இன் இறுதியில் பிளே ஸ்டோர் புதுப்பிப்புகளுக்கு அந்த விதிகள் கட்டாயமாக, அங்கே டெர்மக்ஸின் வளர்ச்சி நின்றது. திறமூலச் செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டு அதன் முதன்மை இருப்பிடமாயிற்று.

ஐஓஎஸ் வழி

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று திறந்தது. பேனிக் நிறுவனத்தின் எஸ்எஸ்ஹெச் செயலியான ‘பிராம்ப்ட்’ 2011-இல் வந்தது. தொலைநுழைவுக்குத் தடை இல்லை. உள்ளே நிரல் ஓட்டுவதுதான் கடினம். ஐஓஎஸில் ஒரு செயலி தன்னுள்ளிருந்து வேறு நிரலைத் தனிச் செயல்முறையாகத் தொடங்க முடியாது. நிக்கோலா ஹோல்ஷுக்கின் ஏ-ஷெல், யூனிக்ஸ் கட்டளைகளைச் செயலிக்குள்ளேயே நூலகங்களாகக் கட்டி இதைச் சமாளித்தது. தியோடர் டுபாயின் ஐஎஸ்ஹெச், எக்ஸ்86 செயலகத்தையே மென்பொருளாகப் பாவனை செய்து அதன் மேல் ஆல்பைன் லினக்ஸை ஓட்டியது. வேகம் குறைவு, ஆனால் ஓடுவன மெய்யான லினக்ஸ் நிரல்கள். 2020-இல் இதை நீக்கப்போவதாக அறிவித்த ஆப்பிள், பின்னர் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

பயன்பாடும் பாதுகாப்பும்

கைபேசியில் பெரும்பாலோர் நாள் முழுவதும் நிரல் எழுதுவதில்லை. சிறிய, அவசரமான வேலைகளுக்கே இது பெரிதும் பொருந்தும். திருமண மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் நேரம் தளம் திறக்கவில்லை என்று அழைப்பு வருகிறது. நிர்வாகி சர்வருக்குள் நுழைகிறார். ‘டிஎஃப்’ கட்டளை வட்டு முழுக்க நிரம்பிவிட்டதைக் காட்டுகிறது. பெருத்துக் கிடக்கும் பதிவுக் கோப்பைக் கண்டுபிடித்துக் காலி செய்து, சேவையை மறுதொடக்கம் செய்கிறார். நான்கைந்து வரிகளில் வேலை முடிகிறது.

வேலை எளிதானாலும் பொறுப்பு பெரிது. கைபேசி தொலையக்கூடிய பொருள். சர்வர் கடவுச்சொல்லை அதில் சேமித்து வைப்பது ஆபத்து. அதற்குப் பதிலாக, கைபேசிக்கென்று பொதுச்சாவியும் மறைச்சாவியும் கொண்ட தனி எஸ்எஸ்ஹெச் சாவி இணை உருவாக்கி, அதற்குத் தனிக் கடவுத்தொடர் வைப்பதே முறை. கைபேசி தொலைந்தால் சர்வரில் அந்தப் பொதுச்சாவி உள்ள ஒரே வரியை நீக்கினால் வாசல் அடைபடும். மற்ற கருவிகளின் சாவிகளுக்கு ஒன்றும் ஆகாது.

அண்மை நிலை

2025 மார்ச்சில் கூகுள் தன் பிக்சல் கைபேசிகளுக்கு ‘டெர்மினல்’ செயலியைத் தந்தது. அது மெய்நிகர் கணினி ஒன்றைத் தொடங்கி, அதனுள் டெபியனை ஓட்டுகிறது. ஆர்வலர்கள் சுற்றுவழியில் கட்டிய பட்டறைக்கு இயங்குதளமே இடம் ஒதுக்கியது.

விடி100 தனக்கென எதையும் கணக்கிடாத பெட்டி. கைபேசியும் முதலில் அப்படியொரு பெட்டியாகவே சர்வரின் முன் நின்றது. இன்று டெர்மக்ஸில் எஸ்எஸ்ஹெச் சேவையைத் தொடங்கினால், சாதாரணச் செயலிக்கு 22 என்ற போர்ட் எண் கிடைக்காது என்பதால் அது 8022-இல் காத்திருக்கும். மேசைக் கணினியின் முன் உட்கார்ந்துகொண்டு, சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்குள் நுழையலாம். இப்போது மேசைக் கணினிதான் முனையம்.