டாப்சிலிப்பில் சறுக்கிய தேக்கு

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையின் மேல் இருக்கும் டாப்சிலிப், தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம். யானைகள் கட்டைகளை விளிம்புவரை இழுத்துவரும். அங்கிருந்து கட்டைகள் சறுக்கி அடிவாரம் சேரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்துறைக்கும் ரயில்பாதைக்கும் ஆங்கிலேயர் தேக்கைத் தேடித்தேடி வெட்டினர். வெட்டியவர்கள் நடவில்லை. மலைச்சரிவுகள் மொட்டையாயின.

அந்தக் காட்டுக்குப் பொறுப்பேற்ற ஹியூகோ வுட், 1910-களில் வேறு வழி கண்டார். மரத்தை வேரோடு பிடுங்காமல் தரையொட்டி அறுத்தால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அந்தத் துளிரே அடுத்த மரம். தேக்கின் இந்த இயல்பை அவர் வேலைத்திட்டமாக்கினார். நடக்கும் வழியெல்லாம் கைத்தடியால் குழி குத்தி விதை போட்டதாகவும் ஊர்மக்கள் சொல்கிறார்கள். காட்டை அழிக்காமல் எடுத்த மரம் என்று உறுதிசொல்லும் சான்றிதழ் முத்திரைகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்த காரியம் இது! ஆனாலும் ஒரே மரம் நிறைந்த தோப்பு, பல்லுயிர் வாழும் சோலைக்காட்டுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1933-இல் மறைந்த வுட்டின் கல்லறை டாப்சிலிப்பிலேயே, தேக்குகளுக்கு நடுவே இருக்கிறது. இந்த மலைக்காடு 1976-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது.