கேட்டாலே பதிவாகும்: கிரெடிட் கார்டு விண்ணப்பத்தின் வரலாறு

1980ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தனது கார்டை வெளியிட்டது. இந்திய வங்கிகளின் கிரெடிட் கார்டு கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே 1980களில் ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று தொழிற்சாலைகள் வளர்ந்தன. மாதச் சம்பளக்காரர்களும் பெருகினார்கள். கார்டு விற்கும் வங்கிகள் தேடுவதும் அவர்களைத்தானே!

ஆனால் அன்று ஒரு வங்கிக்குத் தெரிந்தது இன்னொரு வங்கிக்குத் தெரியாது. ஒருவர் ஓசூரில் இரண்டு வங்கிகளிலும், எல்லை தாண்டிப் பெங்களூரில் மூன்று வங்கிகளிலும் ஒரே மாதத்தில் விண்ணப்பிக்கலாம். சம்பளம் ஒன்றுதான், அதை நம்பி ஐந்து கார்டுகள்.

இந்த ஓட்டையை அடைக்க 2000ல் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005ல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2007ல் 300 முதல் 900 வரையிலான சிபில் மதிப்பெண் அறிமுகமானது. அடுத்து வந்த 2008 பொருளாதார நெருக்கடியில் வாராக்கடன் பெருகவே, வங்கிகள் பின்வாங்கின. 2008 மார்ச்சில் சுமார் 2.75 கோடியாக இருந்த கார்டுகள், 2011 மார்ச்சில் சுமார் 1.8 கோடியாகக் குறைந்தன.

விண்ணப்பம் வந்ததும் வங்கி அவருடைய கடன் அறிக்கையைக் கேட்டு வாங்குகிறது. கார்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எந்தத் தேதியில் என்ன கடன் கேட்டார் என்பது பதிவாகிவிடும். குறுகிய காலத்தில் இப்படிப் பல பதிவுகள் இருந்தால், "இவருக்குப் பண நெருக்கடி போலும்" என்று அடுத்த வங்கி தயங்கும். மதிப்பெண்ணும் குறையலாம். பான் எண் ஒன்றே என்பதால் மாநில எல்லையும் உதவாது.

இதில் அதிகம் அடிபடுபவர் ஒப்பந்தத் தொழிலாளிதான். நிரந்தர வேலை இல்லையென்று ஒரு வங்கி மறுக்கிறது. உடனே அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று விண்ணப்பிக்கிறார். ஒவ்வொரு முயற்சியும் அடுத்த முயற்சியைக் கடினமாக்குகிறது. கடனே வாங்காதவரின் அறிக்கையிலும் கடன் கேட்ட தடங்கள் நிறைந்துவிடுகின்றன.

இத்தனை முறைதான் விண்ணப்பிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கிக்கும் ஓர் அளவுகோல். ஆனால் விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அதன் 2022ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2017 முதல் ஆண்டுக்கொரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறவும் வழி உண்டு. தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. மறுத்த காரணத்தைக் கேட்டறிந்து, அறிக்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சில மாதங்கள் பொறுத்து அடுத்த விண்ணப்பம் போடுவதே நல்லது.