முன்சீப் வேதநாயகரின் இறையன்பும் பிறரன்பும்

கட்டளைகளுள் தலையாயது எது என்னும் வினாவிற்கு இயேசு பெருமான் இரண்டினைச் சேர்த்தே விடை பகர்ந்தார். முழு உள்ளத்தோடும் இறைவனை நேசித்தல் ஒன்று. தன்னைப் போலவே பிறரையும் நேசித்தல் மற்றொன்று. இவை கோயிலிலும் துறவு மடத்திலும் மட்டுமே முழுமையாகக் கைகூடும் எனக் கருதுவார் உளர். அலுவலக மேசையிலும் அவை கைகூடும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகம் தரும் சான்று மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826-இல், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். சட்டமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்த காலம் அது. நிலத்தை இழந்த குடியானவன், அதனை எதனால் இழந்தான் என்பதையும் அறியாமல் வீடு திரும்பினான். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார் வேதநாயகர். 1879-இல் அச்சேறிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்கவேண்டும் என வாதிட்டார். இதனை மொழிப்பற்று என்ற அளவில் மட்டும் காண்பது பொருந்தாது. வழக்காட வந்த எளியவனைத் தன்னைப் போல் அறிவும் மானமும் உடையவனாக மதித்த உள்ளமே இதற்கு ஊற்று. கையூட்டைக் கடிந்து அவர் பாடியதற்கும் அதுவே காரணம் எனலாம்.

அவ்வுள்ளத்தின் உரைகல்லாக அமைந்தது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம். அப்போது அவர் அரசுப் பணியினின்று நீங்கியிருந்தார்; பதவியின் கடமை எதுவும் அவரைக் கட்டவில்லை. எனினும் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். நந்தனாரின் பக்தியைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார், இக்கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவர் மீது கீர்த்தனை பாடினார்.

அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ வெளிவந்த ஆண்டும் 1878 என்பது கருதத்தக்கது. எச்சமயத்தாரும் தம் இறைவனை நினைந்து பாடுமாறு அமைந்தவை அப்பாடல்கள். இதனால் அவர் தம் சமயத்தில் தளர்ந்தார் எனக் கொள்ளுதல் பிழையாகும். ‘திருவருள் மாலை’யும் ‘தேவமாதா அந்தாதி’யும் அவருடைய கத்தோலிக்கப் பற்றிற்குச் சான்று பகரும். தம் சமயத்தில் ஆழ்ந்து நின்றமையாலேயே பிறர் வழிபாட்டை மதிக்க அவரால் இயன்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். அவரோ திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் மீது செய்யுள் பாடினார். சிவநெறிச் செல்வரும் கிறித்தவரும் ஒருவரையொருவர் பாடியது வெறும் மரியாதை அன்று. ஒருவர் தம் இறைவன்பால் கொண்ட அன்பை மற்றவர் அறிந்து போற்றியதன் விளைவு அது.

1889-இல் மறைந்த வேதநாயகரைத் தமிழ் நாவலின் முன்னோடியாக இலக்கிய வரலாறுகள் போற்றுகின்றன, அது தகும். ஆயினும் இறைவனைப் பாடிய காலத்திலேயே கஞ்சியும் வார்த்த புலவர் அவர் என்பதும் உடன் நினைக்கப்பட வேண்டும். பாடல் புனைந்தமையால் கஞ்சி வார்க்கும் கடன் தீர்ந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. கஞ்சி வார்த்தமையால் பாடல் வேண்டா என்றும் எண்ணவில்லை. கவிதையைத் தொழுகையாகக் கொள்வோர் மனங்கொள்ளத்தக்க வாழ்வு அது.