வாளில் ஏது ரத்தம்?

வாளில் ஏது ரத்தம் என்று தாய் கேட்கிறாள். பருந்தின் ரத்தம் என்கிறான் மகன். அவள் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபின் கொலையை ஒப்புக்கொள்கிறான். இனி அவனுக்கு வீடு இல்லை, கடல்தான்.

ஸ்காட்லாந்தின் இந்தக் கதைப்பாடலை 1765இல் தாமஸ் பெர்சி 'எட்வர்ட், எட்வர்ட்' என்ற தலைப்பில் தம் தொகுப்பில் அச்சிட்டார். ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்டர் அதைத் தம் மொழியில் பெயர்த்தார். அதைப் படித்து 1854இல், இருபத்தொரு வயதில், இசையமைப்பாளர் பிராம்ஸ் ஒரு பியானோ இசை எழுதினார். ஏட்டிலும் மேடையிலும் பாட்டு பேர்பெற்றது. ஆனால் அதைப் பாடியவர் யாரென்று பெர்சியின் நூலில் இல்லை.

பாட்டின் இன்னொரு வழி சாலையோரக் கூடாரங்கள் வழியே போனது. தகர வேலை, பழம் பறிப்பு, பழைய சாமான் வியாபாரம் என்று ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த டிராவலர் மக்கள் அதைத் தாய் வாயிலிருந்து பிள்ளை வாய்க்குக் கொடுத்துவந்தார்கள். ஊருக்குள் அவர்களுக்கு ஏச்சுதான் கிடைத்தது.

1953இல் நாட்டுப்பாடல் தேடிவந்த ஹாமிஷ் ஹெண்டர்சன் என்ற கவிஞர் அபர்டீன் நகரில் ஜீனி ராபர்ட்சனின் கதவைத் தட்டினார். டிராவலர் குடும்பத்துப் பெண். களைத்திருந்தார், உள்ளே விட மனமில்லை. ஹெண்டர்சன் வாசலில் நின்றபடியே 'ஹார்லா போர்' பாடலை எடுத்தார். அது அப்படியில்லை, உள்ளே வாருங்கள், நான் பாடிக் காட்டுகிறேன் என்றார் ஜீனி. பிறகு இரவு நெடுநேரம் பாட்டு ஓடியது.

அவர் நெஞ்சில் இருந்த பாடல்களில் ஒன்று 'மகன் டேவிட்'; அதே வாள் கதையின் இன்னொரு வடிவம். பெர்சியின் நூலில் செத்தவன் தகப்பன். இதில் அண்ணன்தம்பிக் கொலை. பக்கவாத்தியம் இல்லாமல், அவசரமில்லாமல், ஒவ்வொரு கேள்விக்கும் பாரம் ஏற்றி ஜீனி பாடினார். புத்தகத்துக்குள் அடங்கிவிட்டதாக எண்ணப்பட்ட பாட்டு உயிரோடு ஒலிநாடாவில் ஏறியது. இம்முறை பாடியவர் பெயரும் சேர்ந்தே ஏறியது. அதே ஆண்டு அமெரிக்க நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரை லண்டனுக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்தார்.

1968இல் ஜீனிக்கு பிரிட்டனின் எம்.பி.இ. விருது கிடைத்தது; 1975இல் காலமானார். மீன் வெட்டும் வேலை செய்த மகள் லிஸ்ஸி ஹிக்கின்ஸும் பெரிய பாடகியானார்.

இவர்களைப் போன்ற பாடகர்களுக்குத் தெருவில் நினைவுக்கல் நாட்டுவது நியாயமே. ஆனால் என்னைப் பொறுத்தவரை முதல் நினைவுச்சின்னம் அந்த நாடாதான். கல்லுக்குக் குரல் கிடையாது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி சேர்த்த பதிவுகளில் பல்லாயிரம் இன்று 'டோபர் அன் டுவல்கஸ்' இணையதளத்தில் இருக்கின்றன. கட்டணம் இல்லை. மொழி புரியாவிட்டாலும் ஜீனியை ஒருமுறை கேளுங்கள்.