வேலை இருந்தது, ஆட்டம் நிலைத்தது

கூவம் வளைந்தோடும் நிலத்தில், வணிகர் சுங்குராமரின் தோட்டத்தை எடுத்துக்கொண்டு, கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1734-ல் நெசவாளர் குடியிருப்பு ஒன்றை உண்டாக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனாலும் இருக்க இடமும் செய்ய வேலையும் ஒருசேரக் கிடைத்ததால் சிந்தாதிரிப்பேட்டை ஊராக நிலைத்தது. கைத்திறமை உள்ளவருக்கு மாதம் தவறாத வருமானம் எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இந்தப் பகுதியில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அது நம் காலத்துச் சாட்சி.

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயிலில் ஏறினால், கடற்கரைப் பக்கமாக அடுத்த நிறுத்தம் பார்க் டவுன். அங்கே இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் தெற்கு ரயில்வேயின் தலைமையகம். 1922-ல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வேக்காக எழுப்பிய கட்டடம் அது. 1951-ல் தெற்கு ரயில்வே உருவானபோது அதன் கைக்கு வந்தது. இந்தியப் பெண்கள் கூடைப்பந்தின் வரலாற்றை எழுத வருகிறவர் இந்த நிறுவனத்தைத் தொடாமல் நகர முடியாது. அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தபடியே இந்தியாவுக்கு ஆடியவர்.

அனிதாவிடம் வருவதற்கு முன், பந்து எப்படிச் சென்னைக்கு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-ல் மெட்ராஸ் வந்தார், 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இங்கே பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிப் பள்ளியாகப் போய்ச் சேர்ந்தார்கள். பள்ளி மைதானங்களில் ரிங் முளைத்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936-லேயே நுழைந்துவிட, பெண்களுக்கு அந்தக் கதவு திறக்க 1976 வரை நாற்பது ஆண்டுகள் ஆயின.

அனிதா 1985 ஜூன் 22 அன்று சென்னையில் பிறந்தவர். முதலில் தடகளமும் வாலிபாலும்தான். பதினோரு வயதில் கோச் சம்பத்தின் பார்வை அவர் மேல் விழுந்தது. அவர் கூடைப்பந்துக்கு மாறினார். 2000-ல், பதினைந்து வயதில், இந்திய அணியில் அவருடைய பயணம் தொடங்கியது. பத்தொன்பதாவது வயதில் கேப்டன்! இந்தியப் பெண்கள் அணிக்கு அவ்வளவு சிறிய வயதில் தலைமை தாங்கியவர் அதற்கு முன் எவரும் இல்லை.

அந்தப் பயணம் 2017 வரை நீண்டது. அது எவ்வளவு நீளம் என்பதை ஆட்டத்தின் விதிகளை வைத்தே அளந்து பார்க்கலாம். அவர் வந்த 2000-ல்தான் சர்வதேச ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காகப் பிரிந்தது. பந்து கைக்கு வந்தபின் ஷாட் எடுக்க இருந்த 30 விநாடி 24 ஆகச் சுருங்கியது. 2004-ல் பெண்களுக்கான பந்தே மாறியது. ஏழாம் எண் பந்து போய், சற்றுச் சிறிய ஆறாம் எண் பந்து வந்தது. 2010-ல் மூன்று பாயின்ட் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குப் பின்னே போனது. அனிதா ஆடியது கார்டு இடத்தில். பந்தை மேலே கொண்டுபோவதும் தூரத்திலிருந்து ஷாட் போடுவதும் கார்டின் பிழைப்பு. ஷாட் என்பது ஆயிரக்கணக்கான முறை எறிந்து மணிக்கட்டில் படிந்த பழக்கம். பந்தின் சுற்றளவு குறைந்தால் விரல்கள் புதிதாகப் பழக வேண்டும். கோடு அரை மீட்டர் தள்ளினால் முழங்காலிலிருந்து எழும் விசை கூட வேண்டும். இத்தனை மாற்றங்களையும் உடம்பில் வாங்கிக்கொண்டு பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணியில் நீடித்தார். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள்.

இத்தனைக்கும் நடுவே சோறு போட்டது எது? அமெரிக்காவில் டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் ஆடத் தொடங்கிவிட்டது. இந்தியப் பெண்களுக்கு அப்படி ஒரு நிலையான தொழில்முறை லீக் அனிதாவின் காலம் முழுக்க இல்லை. இங்கே இருந்தது ஸ்போர்ட்ஸ் கோட்டா. 1928-லிருந்தே ரயில்வேக்கு விளையாட்டுக்கென்று தனி அமைப்பு உண்டு. வேலை, மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம், கேம்ப்புக்கு விடுப்பு, அடிபட்டால் மருத்துவம் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. கேரளத்தின் கோட்டயத்திலிருந்து வந்த கீத்து அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வே வீராங்கனைதான். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடி, 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் போய்வந்த கீத்துவுக்குக்கூடத் திரும்பி வந்து நிற்க இந்த வேலை இருந்தது. தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணியை வீழ்த்துவது பெரும்பாடு என்று மற்ற அணிகள் தவித்ததற்கு இதுதான் காரணம்.

இந்த ஏற்பாட்டின் அருமை தாய்மையின்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குழந்தை பிறந்ததும் களத்தை விட்டுப் போன பெண்களின் பட்டியல் நம் விளையாட்டில் நீளமானது. அனிதா பிள்ளை பெற்ற பிறகு மறுபடி உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்விளையாட்டு அரங்கில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதிப் போட்டி. எதிரணி கஜகஸ்தான். 75–73 என்று இரண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்து ‘ஏ’ பிரிவுக்கு ஏறியது. அந்த அணியில் முப்பத்திரண்டு வயது அம்மாவாக அனிதா இருந்தார்.

2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அர்ஜுனா விருதுக்குப் பலமுறை கைநீட்டியும் கிடைக்காத ஒருவருக்கு, அதைவிடப் பெரிய கௌரவம் வந்து சேர்ந்தது. தாமதம்தான். தகுதி மட்டும் என்றோ வந்துவிட்டது.

ரயில்வேக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், மனதாரச் சொல்கிறேன். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரசு வேலை ஒரு சிலருக்குத்தான் கிடைக்கும். கோட்டாவில் இடம் கிடைக்காமல் கல்லூரியோடு பந்தைக் கீழே வைத்துவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய ஆட்டமும் நிலைக்க வேண்டுமானால், சம்பளம் தரும் லீக் வேண்டும். ஊர் தோறும் பெண்கள் பயமின்றி மாலையில் ஆட விளக்கு போட்ட கோர்ட் வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வர ஒப்பந்தத்திலேயே இடம் வேண்டும். அனிதாவின் பதினெட்டு ஆண்டுகள் காட்டும் கணக்கு நேரானது: திறமை அவருடையது, அதைக் காத்தது வேலை. அடுத்த அனிதாவுக்கு அந்தக் காவலை நாம் இப்போதே ஏற்படுத்தித் தர வேண்டும்.

அடுத்த வாரம்: நேப்பியர் பூங்கா மே தினப் பூங்கா ஆன கதை.