காசும் காசுகளும்

மாணவ நண்பர்களே, ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் ஒருமை பன்மை பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. அதை உங்கள் வகுப்பாசிரியர் செம்மையாகவே நடத்தியிருப்பார். அந்தப் பாடத்தில் நான் செய்த ஒரு பிழையையும், அதைத் தேடிப் போனபோது கண்ட சில செய்திகளையும் சொல்லவே வந்திருக்கிறேன்.

நான் ஆலங்குடிக்காரன். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்று வட்டங்கள் இருந்தன. 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதுவரை அங்கே பிரிட்டிஷ் இந்திய நாணயத்தோடு சமஸ்தானத்தின் சொந்த நாணயமும் வழங்கியது. அதற்கு அம்மன் காசு என்று பெயர். சுண்டுவிரல் நகத்தளவே உள்ள செப்புக்காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கும். இருபது அம்மன் காசு கொண்டது ஓர் அணா. எனவே ஒரு ரூபாய்க்கு முந்நூற்றிருபது காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இக்காசை மக்களுக்கு வழங்குவது அரண்மனை வழக்கம்.

நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலக் கட்டுரை ஒன்றில், தன் பாட்டியின் பெட்டியில் இருபது காசு இருப்பதாகவும், அக்காலத்தில் அது ஓர் அணாவுக்குச் சமம் என்றும் எழுதியிருந்தான். ‘ட்வென்டி காஷ்’ என்பது அவன் எழுதிய தொடர். சிவப்பு மையால் அதைச் சுழித்தேன். ‘காஷ்’ என்பது எண்ணிச் சொல்லும் பெயரன்று, அதன்முன் எண் வராது என்று ஓரத்தில் எழுதி, இரண்டு மதிப்பெண்ணும் குறைத்தேன். பையன் தயங்கித் தயங்கி வந்து, “சார், இருபது காசு என்றுதானே நாம் சொல்கிறோம்?” என்றான். “தமிழில் சொல்லலாம் தம்பி, ஆங்கிலத்தில் கூடாது” என்றேன். அவன் பேசாமல் போய்விட்டான்.

பல ஆண்டுகளுக்குப் பின், பழங்காசு சேர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்துக்காக 1808இல் அடித்த செப்புக்காசு ஒன்றைக் கண்டேன். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ‘காஷ்’. பர்மிங்காமில் ஆங்கிலேயரே அடித்த நாணயம்! இருபது என்ற எண்ணும் இருந்தது. பன்மை விகுதியோ இல்லை. என் மாணவன் எழுதியதும் அதுவேயன்றோ?

ஆங்கிலத்தில் ‘காஷ்’ என்பன இரு வேறு சொற்கள். ரொக்கத்தைக் குறிப்பது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலிருந்து வந்தது; பணப்பெட்டி என்பது அதன் பழம்பொருள். அதற்குமுன் எண் வராது என்ற விதி சரியே. மற்றொன்று நம் காசு. போர்த்துக்கீசியர் வாய்வழி ஆங்கிலத்தில் ஏறி, பிறகு சீனத்தின் சதுரத்துளை நாணயத்துக்கும் அப்பெயரையே ஆங்கிலேயர் இட்டனர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே நான் செய்த பிழை.

ஆனால் இந்தக் காசுக்குப் பன்மை விகுதி ஏன் வரவில்லை? தமிழில் பத்துக் காசு என்கிறோம். பத்துக் காசுகள் என்பது அரிது. அஃறிணைப் பெயர் ஏற்குமிடத்தில் கள் விகுதி சேர்ந்து பலவற்றை உணர்த்தும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. விகுதியின்றி நிற்கும்போது வினையே எண்ணைக் காட்டிவிடும். மாடு வந்தது, மாடு வந்தன என்பவற்றைக் காண்க. நம் கடைத்தெருவில் கேட்டவாறே ஆங்கிலேயன் எழுதிக்கொண்டான் என்று முதலில் எண்ணி மகிழ்ந்தேன். மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திரப் பகோடா என்பது கம்பெனியார் கணக்கு. நாமோ பத்துப் பணம் என்றே சொல்கிறோம். அவர்களோ ‘ஃபனம்ஸ்’ என்றும் ‘பகோடாஸ்’ என்றும் தம் விகுதியைத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

எனவே காரணம் ஓசையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘காஷ்’ என்பதன் இறுதி ஒலி ஆங்கிலச் செவிக்கு முன்னமே பன்மைபோல் பட்டிருக்கலாம். பைசாவிலிருந்து பிறந்த ‘பைஸ்’ என்ற சொல்லும் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒருபடித்தாகவே வழங்கியது. இதற்கு மறுதலையாக, பட்டாணியைக் குறித்த ‘பீஸ்’ என்ற பழஞ்சொல்லின் இறுதி ஒலியை அவர்கள் பன்மை விகுதியென மயங்கி, அதை வெட்டி ‘பீ’ என்ற புதிய ஒருமையைப் படைத்துக்கொண்டார்கள்! இலக்கணம் நூலில் மட்டுமன்றிச் செவியிலும் வாழ்கிறது.

ஆங்கிலேயருக்கே அவர்கள் பன்மை ஒருகாலத்தில் இடர் தந்ததுண்டு. இங்கிலாந்தில் முதன்முதல் அச்சகம் நிறுவிய காக்ஸ்டன் 1490இல் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்தார். கப்பல் வணிகர் சிலர் காற்றின்றிக் கென்ட் கரையில் இறங்கினர். ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்டார். அவ்வீட்டம்மாள், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாளாம். வணிகருக்குச் சினம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! மற்றொருவர் ‘ஐரன்’ வேண்டும் என்றபின்னரே அவளுக்கு அது முட்டை என்று விளங்கிற்று. (அதே கென்ட் கரையை அடுத்த மணல் திட்டில்தான் 1809 சனவரியில் அட்மிரல் கார்டனர் என்னும் கப்பல் சென்னைக்குரிய பத்துக் காசு, இருபது காசு நாணயங்களோடு மூழ்கியது. 1980களில் அவற்றை இலட்சக்கணக்கில் மேலெடுத்தார்கள்.)

அந்த ‘ஐரன்’ ஓர் இரட்டைப் பன்மை. ஏற்கெனவே பன்மையான சொல்லின்மேல் இன்னொரு விகுதி. ‘சில்ரன்’ என்பதும் அப்படியே. நாமும் சளைத்தவர்கள் அல்லர். அவர் என்பதே பலர்பால்; அதன்மேல் அஃறிணைக்குரிய கள்ளையும் ஏற்றி அவர்கள் என்கிறோம். திருக்குறளிலேயே மற்றையவர்கள், பூரியர்கள் என்று வந்துவிட்டன. அவர் என்பது ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லானபின், பலரைச் சுட்ட அந்தக் கள் நமக்கு இன்றியமையாததும் ஆயிற்று.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயம் வந்தபோது காசில் பொறித்த இந்தி எழுத்து, ஒன்றானால் நயா பைசா என்றும் பலவானால் நயே பைசே என்றும் விகுதி மாறிற்று. நம்மூர்ப் பெட்டிக்கடையில் அந்த வேறுபாடு செல்லவில்லை. நான் சிறுவனாக மிட்டாய் வாங்கிய நாளிலும் அங்கே எல்லாம் பைசாதான்.

சென்ற ஆண்டு ஆலங்குடியில் ஒரு திருமணத்தில் அந்த மாணவரைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. அருகில் அழைத்து, “அன்று நீங்கள் எழுதியது சரி, நான் குறைத்த இரண்டு மதிப்பெண் தவறு” என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. கட்டுரையை நினைவூட்டியதும் சிரித்தார்.

“பாட்டியின் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது சார். ஆனால் இப்போது எண்ணினால் பதினேழு காசுதான் தேறும்” என்றார்.