மாடல் விமானத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வாங்கப் போறீங்களா? முதல்ல எரிபொருளை யோசிங்க!

டி.வி.எஸ். 50 போகிற சத்தத்துக்கும் புல்லட் போகிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். மாடல் விமானங்களிலும் அதே வித்தியாசம்தான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கீச்சென்று கத்தும். ஃபோர் ஸ்ட்ரோக் அடித்தொண்டையில் நிதானமாகப் பேசும். ஒருமுறை அதைக் கேட்டவர்கள் லேசில் விடமாட்டார்கள். 'வாங்கினா இதைத்தான் வாங்கணும்' என்று மனசு அடம்பிடிக்கும்.

ஆனால், நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் இருப்பவர்கள் வாங்கும் முன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, அது குடிக்கும் எரிபொருள். இரண்டு, நம்ம ஊர் உப்புக்காற்று. இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் இன்ஜின் பல வருஷம் உழைக்கும். இல்லையென்றால், அது அலமாரியில் துருப்பிடிக்கும் ஒரு விலை உயர்ந்த பொம்மை. அவ்வளவுதான்.

குளோ இன்ஜின் என்றால் என்ன?

பைக்கில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறையும் பொறி விடும். குளோ இன்ஜினில் பொறியே கிடையாது. பிளக்கின் உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கொடுத்து அதைப் பழுக்கவைக்க வேண்டும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். எரிகிற வெப்பமும், பிளாட்டினத்தின் மீது மெத்தனால் படும்போது நடக்கும் வேதிவினையும் சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும்.

அமெரிக்காவின் ரே ஆர்டன் 1947-ல் இந்த பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் 1976-ல் எஃப்.எஸ்.-60 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் குளோ இன்ஜினைச் சந்தைக்கு விட்டது. இன்னொரு ஜப்பான் நிறுவனமான சைட்டோ, ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே பெயர் வாங்கியது. இந்தியாவில் செகண்ட் ஹேண்டாகக் கைமாறுகிற ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் இந்த இரண்டு பெயர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

முதல் கேள்வி: மெத்தனால் எங்கே கிடைக்கும்?

குளோ எரிபொருள் என்பது பெரும்பாலும் மெத்தனால்தான். கூடவே எண்ணெய், சில கலவைகளில் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். தமிழ்நாட்டில் மெத்தனால் சாதாரணப் பொருள் இல்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரையும் பலிவாங்கியது மெத்தனால் கலந்த சாராயம். இங்கே மெத்தனாலை வைத்திருக்க உரிமம் கேட்கும் விதிகள் 1959-லிருந்தே இருக்கின்றன.

அதனால், 'தெரிஞ்ச கடையில ரெண்டு லிட்டர் வாங்கிக்கலாம்' என்ற எண்ணமே வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மதுவிலக்கு ஆயத்தீர்வைப் பிரிவு இருக்கிறது. பொழுதுபோக்கு விமானத்துக்கு, இவ்வளவு லிட்டர், இந்த இடத்தில் வைப்பேன் என்று எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். பதில் வந்த பிறகு இன்ஜின் வாங்குங்கள்.

'சிங்கப்பூர்லேருந்து மச்சான் வர்றார், கொண்டுவரச் சொல்றேன்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்ஜின் வரலாம், எரிபொருள் வராது. எளிதில் தீப்பற்றும் திரவத்தைப் பயணிகள் விமானப் பெட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பழைய இன்ஜின் என்றால் துளி எரிபொருள்கூட இல்லாமல், வாசனை போகச் சுத்தம் செய்து எடுத்துவரச் சொல்லுங்கள்.

அனுமதி கிடைக்கவில்லையா? மனசு உடைய வேண்டாம். சைட்டோவின் எஃப்.ஜி. வரிசை போன்ற பெட்ரோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள் இருக்கின்றன. அவற்றில் ஸ்பார்க் பிளக் இருக்கும், எடை கொஞ்சம் கூடும். எரிபொருள் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும். சத்தமும் அதே சத்தம்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குளோ இன்ஜினில் பெட்ரோலை ஊற்றி ஓட்டிப்பார்க்கக் கூடாது.

எந்த அளவு வாங்குவது?

இன்ஜின் பெயரில் வரும் எண் கன அங்குலக் கணக்கு. '52' என்றால் 0.52 கன அங்குலம், அதாவது சுமார் 8.5 சி.சி. ஒரே அளவில் டூ ஸ்ட்ரோக்கைவிட ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு சக்தி குறைவு. அதனால் ஒரு படி மேலே போக வேண்டும்.

* டூ ஸ்ட்ரோக் 40 கேட்கும் பயிற்சி விமானத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் 52 முதல் 70 வரை.
* டூ ஸ்ட்ரோக் 60 கேட்கும் விமானத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் 90 அல்லது 91, அதாவது சுமார் 15 சி.சி.

இது வேகத்துக்கான இன்ஜின் இல்லை, இழுவைக்கானது. பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும். 52-க்கு 12-க்கு 6 அங்குலம், 91-க்கு 14-க்கு 6 அங்குலம் என்று ஆரம்பிக்கலாம். பழைய கால விமானங்களின் மாதிரிகள், மேல் இறக்கை வைத்த பயிற்சி விமானங்கள், இவற்றுக்கு ஏற்ற ஜோடி.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால், புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப்பாருங்கள். அழுத்தம் வரும் இடத்தில் ரப்பர் மாதிரி எதிர்க்க வேண்டும். கரகரவென்று மணல் அரைபடுவது போல உணர்ந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. பேரிங்கை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஓட்டியே பழக்கம் இல்லாதவர்கள் ஃபோம் உடம்பு வைத்த எலெக்ட்ரிக் விமானத்தில் ஆரம்பியுங்கள். ஓட்டக் கற்றுக்கொள்வதும் இன்ஜின் ட்யூன் செய்வதும் ஒரே நாளில் வேண்டாம்.

எரிபொருளும் எண்ணெயும்

நைட்ரோ இல்லாமலே ஓட்டலாம். 80 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய் என்பது பழைய, நம்பகமான கலவை. 5 முதல் 15 சதவிகிதம் நைட்ரோ சேர்த்தால் ஐடிலிங் சீராக இருக்கும். ஆனால் விலையும் ஏறும், துருவும் கூடும்.

எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் பேரிங், கேம், வால்வு எல்லாவற்றையும் நனைக்கிறது. ஆமணக்கு எண்ணெயோ, இதற்கென்றே வரும் சிந்தெடிக் எண்ணெயோ, இரண்டும் சேர்ந்த கலவையோ பயன்படுத்தலாம். மளிகைக்கடை விளக்கெண்ணெய் வேண்டாம், பிசின் நீக்கிய தரம் வேண்டும். பைக்குக்கு ஊற்றும் மினரல் டூ-டி ஆயில் மெத்தனாலில் கலக்கவே கலக்காது.

மெத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைத் திறந்து வைத்தால் எரிபொருள் கெட்டுப்போகும். இறுக்கி மூடிய கேனில், நிழலில், பூட்டிவையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பது கொலைக்குச் சமம். சில மிடறு உள்ளே போனால் கண் பார்வையும் உயிரும் போகலாம். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது என்பதால், பக்கத்தில் சிகரெட், பற்றவைத்த அடுப்பு எதுவும் கூடாது.

ஓட்டும் முறை

1. ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குக்கு பேட்டரி கொடுக்காமல், புரொப்பெல்லரைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது இறுகி நின்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் தேங்கியிருக்கிறது. அப்படியே எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

2. விரலால் சுண்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக் திருப்பி உதைக்கும். ஸ்டார்ட்டரோ, ரப்பர் சுற்றிய தடியோ பயன்படுத்துங்கள். ஓடிய பிறகு நீடிலைத் திருப்ப இன்ஜினுக்குப் பின்பக்கம் நில்லுங்கள்.

3. புது இன்ஜினுக்கு முதல் சில டேங்க் எரிபொருள் அதிகமாகப் போகும்படி நீடிலைத் திறந்து வைத்து, நடுநடுவே முழு வேகம் கொடுத்து, ஆறவிட்டு ஓட்டுங்கள்.

4. ட்யூன் செய்யும்போது, முழு வேகத்தில் உச்ச சுழற்சி வரும்வரை நீடிலை மூடுங்கள். பிறகு 200 முதல் 300 சுற்று குறையும் அளவு திறந்துவிடுங்கள். எரிபொருள் பற்றாமல் ஓடினால் உள்ளே 'டக்' என்று இடிக்கும், நட்டு தளர்ந்து புரொப்பெல்லரே பறக்கும். அதனால்தான் இரட்டை நட்டு. ஒவ்வொரு நாளும் அதை இறுக்கிப்பாருங்கள்.

5. முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஓ.எஸ். இன்ஜின்களுக்கு 0.04 முதல் 0.10 மி.மீ. வரை. மற்றதற்கு அதன் கையேடு.

சித்திரை வெயிலில், ஈரமான காற்றில், ஆக்சிஜன் குறைவு. காலை ஆறு மணிக்கு வைத்த நீடில் பதினோரு மணிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் காதால் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

உப்புக்காற்றில் காப்பாற்றுவது எப்படி?

நாகூரில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கின் நிலைமை அதைவிட மோசம். எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதில் நீரும் அமிலமும் உண்டு. ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் பேரிங் உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும், அதுதான் ஏமாற்றுவேலை.

கடைசிப் பறப்பு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டேங்க்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். ஆறியதும் கிராங்க் கேஸின் அடியில் இருக்கும் பிரீதர் குழாய் வழியாகச் சில துளி ஆஃப்டர்-ரன் ஆயில் விடுங்கள். பிளக் ஓட்டையிலும் சில துளி. புரொப்பெல்லரைப் பல சுற்று கையால் சுற்றி, எண்ணெயை எல்லா இடத்துக்கும் கொண்டுபோங்கள். வெளியே துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து சுற்றிவிடுங்கள்.

எங்கே, எப்போது பறக்கவிடலாம்?

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் அறுவடைக்கு முன்பே உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள். அதுவும் எடுத்த பிறகுதான், மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் கிடைக்கும் சித்திரை, வைகாசி நாள்கள்தான் நம் பருவம். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். வரப்பு தடுக்கும் என்பதால் சக்கரம் பெரிதாக இருக்கட்டும். கடல்காற்று வலுக்கும் முன், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

பறக்கும் இடம் எந்த மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பாருங்கள். கடலோரம், சுத்திகரிப்பு ஆலை, கடற்படை முகாம் என்று நம்ம பகுதியில் கவனிக்க வேண்டியவை நிறைய. பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி. நாகூர் தர்காவின் பெரிய மனோரா 131 அடி, அதைப்போல மூன்று மடங்கு என்று கண்ணால் கணக்கு வைத்துக்கொள்ளலாம். 2021 ட்ரோன் விதிகளின்படி, 2 கிலோ வரை எடையுள்ளதை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. 52 இன்ஜின் வைத்த விமானம் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டிவிடும், அந்த விலக்கு அதற்குக் கிடையாது. எனவே பாகங்களை வாங்கும் முன்பே எடையைக் கூட்டிப்பாருங்கள். கந்தூரிக் கூட்டம், கடற்கரைக் கூட்டம் பக்கம் போகவே வேண்டாம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவின் பயிற்சியில் ஏரோ மாடலிங்கும் உண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில் கற்றுக்கொண்டால் விரலும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் எரிபொருள் அனுமதி, அடுத்து இடமும் எடையும், கடைசியில்தான் இன்ஜின். வாங்கும்போதே ஆஃப்டர்-ரன் ஆயில் ஒரு பாட்டிலையும் சேர்த்து வாங்கிடுங்க. நம்ம ஊர்ல அது எக்ஸ்ட்ரா இல்ல, இன்ஜினோட ஒரு பாகம்!